ஆணியில் தொங்கிய தூக்குவாளிகள்

ஆகஸ்ட் 4, வெள்ளி

இந்த டைரி பைண்டிங்கில் தப்பிப்போனது. ஆகஸ்ட் இரண்டு தடவை வருகிறது, செப்டம்பர் இல்லை. என் மகள் வெயிலுகந்தாள், வீட்டில் வெயிலா, சிவகாசியில் டைரி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கழித்துப்போட்ட கட்டிலிருந்து தை மாதம் இதை எடுத்து வந்து தன் மகள் சுபிக்ஷாவிடம் நீட்டினாள். "உங்க அம்மாச்சிக்கு வேணுமான்னு கேளு" என்றாள். நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் சுபாவம் அப்படி.

ஏழு மாதம் பெட்டிமேல் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேத்தி. எட்டாம் வகுப்பு. ஜெபராணி டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் வாரம் ஒரு வழக்கு நடத்துகிறாராம், நாட்டை மாற்றிய வழக்குகள். "எழுதி வைக்காதது கோர்ட்டுல நிக்காதுன்னு டீச்சர் சொன்னாங்க அம்மாச்சி." நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனால் என் எழுத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வாரம் பம்பாய் நடைபாதைக்காரர்கள் வழக்கு. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

"பிழைப்பு இல்லாம உயிர் வாழ முடியுமா? முடியாதுல்ல? அதனால பிழைப்பும் உயிர் வாழுற உரிமையில சேர்த்தின்னு ஜட்ஜுங்க சொல்லிட்டாங்க அம்மாச்சி."

"அப்போ குடிசை தப்பிச்சிருச்சா?"

"இல்ல. மழைக்காலம் முடிஞ்ச பெறகு காலி பண்ணலாம்னுட்டாங்க."

"இலையப் போட்டு, சோத்தப் பரிமாறி, எந்திரிச்சுப் போன்னு சொன்ன மாதிரில்ல இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். டீச்சரிடம் சொல்வாளாம். என் பேத்திக்கு வக்கீல் மூளை. எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மாவு ஆட்டினேன். ஓசூரிலிருந்து மகன் ராமசுப்பு பேசினான், இரண்டு நிமிடம். அங்கே மழையாம். என்னை அங்கே வந்து இரு என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓசூர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

இந்த வாரம் நம் சீமை வழக்கு. பையைக்கூட இறக்காமல் ஓடி வந்தாள்.

"அம்மாச்சி, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்த சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு வக்கீல் டெல்லியில கேஸ் போட்டிருக்காரு. தொண்ணூத்தாறு டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிருச்சு. சட்டத்த மீறிப் பதினாலு வயசு ஆகாத பிள்ளைய வேலைக்கு வச்ச முதலாளி அபராதம் கட்டணும். அதுல அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்யணும், படிக்க வைக்கணும். அதுக்கு முன்னால எப்படி இருந்துச்சுன்னு பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

கேட்பதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த ஊருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் ஏஜெண்ட் யார்? நான்தான். நாற்பத்திரண்டு பிள்ளைகள். வெள்ளனவே ஆபீஸ் வண்டி வந்துவிடும். அதற்குள் வீடு வீடாகப் போய் எழுப்பி, முகம் கழுவவைத்து, ஏற்றிவிட்டு நானும் ஏறுவேன். ஒரு நாளும் ஒரு தலை குறைந்ததில்லை. மானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றிய வருசங்களில் இந்த ஊரில் உலை கொதித்தது அந்த வண்டியால்தான்.

சாப்பிடும்போது அவளுக்குத் தூக்குவாளிக் கதையைச் சொன்னேன். சட்டம் கடுமையானதும் லேபர் ஆபீசர்கள் திடீர் திடீரென்று ஜீப்பில் வந்துவிடுவார்கள். பிள்ளைகளை எங்கே ஒளிப்பது? கணக்கப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். யோசனை சொன்னது நான். வாசல் சுவரில் வரிசையாக ஆணி அடித்துத் தூக்குவாளிகளை மாட்டச் சொன்னேன். ரோட்டு முக்கில் ஜீப் தெரிந்ததும் வாட்ச்மேன் விசில் ஊதுவார். குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் போட்டது போட்டபடி எழுந்து, ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட வேண்டும். எவன் கேட்டாலும் ஒரே பதில். அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தேன்.

சுபிக்ஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாளியில நெசமாவே சோறு இருக்குமா?"

"வெறும் வாளிதான். அத்தனை வாளிக்குச் சோத்துக்கு எங்கடி போக?"

"யாரும் தெறந்து பாக்கலையா?"

"மூடியத் தெறந்து பாக்குற ஆபீசரு லட்சத்துல ஒருத்தன்."

வெயிலா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள். ரசத்தில் புளி கூடிவிட்டது போல.

ஆகஸ்ட் 12, சனி

பரண் துடைத்தேன். அந்த வாளிகளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அலுமினியம், கைப்பிடி கொஞ்சம் கோணல். புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிட்டது. நாடகத்துக்கு வேண்டும் என்று சுபிக்ஷா வாங்கி வைத்துக்கொண்டாள். என்ன நாடகம் என்றேன். "சஸ்பென்ஸ்" என்றாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வெயிலா பேசவில்லை. வழக்கமாகவும் பேச மாட்டாள். இது வேறு மாதிரி.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். செப்டம்பர் முதல் தேதி பெற்றோர் கூட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நீதிமன்றம் நடத்துகிறார்கள். "சிறப்பு அழைப்பாளர்: திருமதி சீனியம்மாள் அவர்கள்." மூன்று தடவை படித்தேன். அஞ்சாம் வகுப்பு முடிந்ததும் "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்று என் அப்பா நிறுத்திவிட்டு வந்த அதே பள்ளிக்கூடம். ஐம்பது வருசம் கழித்து 'அவர்கள்' போட்டுக் கூப்பிட்டிருக்கிறது.

பால்காரம்மாவிடம் காட்டினேன். "மாலை போடுவாகளா மதினி?" என்றாள். "போடத்தானே செய்வாக" என்றேன். ராமசுப்புவுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. கடுகு நிறச் சேலையை நிழலில் காயப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

கூட்டும்போது பேத்தியின் நோட்டு கட்டிலுக்கடியில் கிடந்தது. எடுத்து வைக்கத்தான் திறந்தேன்.

"மாதிரி நீதிமன்றம். சாட்சி எண் 2: பிள்ளைகளை அழைத்து வந்த ஏஜெண்ட்."

அதற்குக் கீழே காட்சி. விசில் ஊதுகிறது. பிள்ளைகள் வாளியோடு வெளியே வருகிறார்கள். இதெல்லாம் நான் சொன்னதுதான். அடுத்த வரி நான் சொன்னது இல்லை. "ஆபீசர் ஒரு சிறுமியை நிறுத்தி, வாளியின் மூடியைத் திறக்கிறார்."

இது தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் மூன்று பேர். அதில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன். "ஏண்டி, சிறப்பு அழைப்பாளர்னு கூப்பிட்டுக் கூண்டுல ஏத்தப் பாக்குறியா?"

"கூண்டெல்லாம் இல்ல அம்மாச்சி. பெஞ்சுதான்."

"ஒனக்கு ஒண்ணுக்குப் போகத் தெரியாத வயசுல இருந்து தூக்கி வளத்தவ நானு."

தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்துச் சிரித்துக் கேட்டாள் அன்றைக்கு. அந்தச் சிரிப்பை நம்பி நான் வாயைத் திறந்தேன். எழுதி வைக்காதது கோர்ட்டில் நிற்காது என்று இவள் சொன்னது எனக்காக இல்லை, தனக்காக.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

வெயிலா வேலை முடிந்து வந்து அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

"நீதான சொன்னது?"

"ஆமா. கேட்டா. சொன்னேன்."

"பெத்தவளப் பிள்ளைகிட்டக் காட்டிக் குடுக்குறியா?"

"நீங்க ஊரு பூராம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியுற கதைதான. பாதிய நீங்க சொன்னீங்க. மீதிய நான் சொன்னேன்." அரிவாள்மணையிலிருந்து தலை நிமிரவில்லை. "அந்தத் தீர்ப்பு வந்தப்ப எனக்குப் பதினாலு முடிஞ்சு மூணு மாசம். கணக்கெடுக்க வந்த சாரு வயசக் கேட்டாரு. சொன்னேன். நோட்ட மூடிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு."

"அந்த வேலை இல்லேன்னா இந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும்? ஒன் தம்பி படிச்சிருப்பானா?"

"தம்பி படிச்சான்" என்றாள். அவரைக்காயைத் தண்ணீரில் போட்டாள்.

எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுபிக்ஷா மட்டும் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள்.

துரோகம் எனக்குப் புதிது இல்லை. தீர்ப்பு வந்த புதிதில் பெரிய ஆபீசர்கள் வந்தார்கள். கணக்கப்பிள்ளை என்னைக் கைகாட்டி, "இந்தம்மாதான் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்திருக்கு. இது யாரு எவருன்னே எங்களுக்குத் தெரியாது சார்" என்றார். பத்து வருசம் அவர் முகத்தில் முழித்திருக்கிறேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியிருக்கிறேன். யாரென்று தெரியாதாம். அவர் செத்ததற்கும் நான் போகவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகப் போகவில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

இன்றைக்கும் பட்டினி என்று எழுதலாம். எல்லோரும் கிளம்பிப் போனபிறகு பழையது குடித்தேன். ஊறுகாய் தொட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

டீச்சரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே நின்றேன். பதினாலு வயது வரைக்கும் படிப்பு என்பது பிள்ளையின் அடிப்படை உரிமை என்று இன்னொரு தீர்ப்பாம். அதை நடத்திக்கொண்டிருந்தார்.

"தீர்ப்பு வந்தா எல்லாம் மாறிருமா?" என்றார்.

"மாறாது டீச்சர்" என்று பிள்ளைகள் பாட்டு மாதிரிச் சொன்னார்கள்.

"பெறகு எதுக்குத் தீர்ப்பு?"

ஒரு பிள்ளை எழுந்தது. "தப்பு நடந்துச்சுன்னு ஒருத்தராவது சத்தமாச் சொல்லணும்ல டீச்சர்."

மணி அடித்ததும் டீச்சர் வெளியே வந்தார். சின்ன வயது. என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அஞ்சாம் வகுப்புப் படிச்சவதான, எதுல கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டுருவான்னு நெனச்சீகளா?"

"அம்மா, அழைப்புல சாட்சின்னு போடாதது என் தப்புதான். மன்னிச்சிருங்க. பெரியவங்கள அப்படி எழுதக் கூச்சமா இருந்துச்சு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது?

"உங்களுக்கு விருப்பம் இல்லேன்னா அந்தக் காட்சியவே எடுத்துரலாம்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லணும். சுபிக்ஷா அந்தக் காட்சிய முழுசா எழுதல. ஆபீசர் 'அம்மா எங்க'ன்னு கேக்குறாரு. பிள்ளை கை காட்டுது. அதோட நிறுத்திட்டா. அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதச் சொன்னேன். 'அத அம்மாச்சிதான் டீச்சர் சொல்லணும், எங்கம்மாவுக்காக' அப்படின்னா."

நான் வந்துவிட்டேன். வரும் வழியில் ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் என்றார்கள். கார்டு எடுத்துப் போகவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

நாலு நாளாக எழுதவில்லை. எழுதி வைக்காதது கோர்ட்டில் நிற்காதாம். எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்று, ஆனி மாதம். வெயிலாவுக்கு ஒன்பது வயது. ஆபீசில் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. என் பட்டியலில் முதல் பெயர் அவள் பெயர்தான். தன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளையை எழுப்பப் போனால் எவள் அனுப்புவாள்?

விசில் கேட்டதும் பிள்ளைகள் வாளியோடு நடந்தார்கள். ஆபீசர் புதியவர், கண்ணாடி போட்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் போகவிட்டு வெயிலாவை நிறுத்தினார். மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு பருக்கை இல்லை.

"யாருக்குச் சோறு?"

"எங்கம்மாவுக்கு."

"அம்மா எங்க?"

மற்ற பிள்ளைகளாக இருந்தால் முழித்திருக்கும், அழுதிருக்கும். அவர்கள் அம்மாமார் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் அம்மா எதிரிலேயே நின்றாள். கையை நீட்டிக் காட்டிவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் சொன்னாள், அவள் மட்டும் உண்மையைச் சொன்னாள். வாளிதான் பொய்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது ஒங்க பிள்ளையா?"

கணக்கப்பிள்ளை என் பின்னால் நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. ஆமாம் என்றால் ஏஜெண்டே பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று ஆகும். ஆபீசை மூடுவார்கள். நாற்பத்திரண்டு வீட்டில் உலை வைக்க முடியாது. இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேனா, பிறகு நினைத்துக்கொண்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"தெரியாதுங்கய்யா. இது யாரு எவருன்னே எனக்குத் தெரியாது."

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். சாயங்காலம் அவள் அப்பா தாலுகா ஆபீசுக்குப் போய்க் கூட்டி வந்தார். மறுநாள் வெள்ளன மற்ற பிள்ளைகளை எழுப்புகிற மாதிரி அவளையும் எழுப்பினேன். எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, வண்டியில் ஏறினாள். என் பக்கத்தில் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிட்ட நினைவு எனக்கு இல்லை. முதல் பக்கத்தில் சுபாவம் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

செப்டம்பர் 1, வெள்ளி

பக்கத்தில் அச்சடித்திருப்பது மறுபடியும் ஆகஸ்ட் 1. அதை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

கடுகு நிறச் சேலைதான் கட்டிப் போனேன். மாலை இல்லை. ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். வெயிலா காலையில், "டைரி சீசன். லீவு குடுக்க மாட்டாங்க" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நீதிபதியாக வந்தது கறுப்புத் துப்பட்டா போர்த்திய ஒரு பெண்பிள்ளை. சிறுமியாக வந்தது சுபிக்ஷா. இரட்டைச் சடை, கையில் என் வாளி. விசில் ஊதியது. பிள்ளைகள் நடந்தார்கள். கூட்டத்தில் சில பேர் சிரித்தார்கள். அந்த நாற்பத்திரண்டில் ஏழெட்டுப் பேர் இப்போது அம்மாமாராக அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

மூடியைத் திறந்தார்கள். "யாருக்குச் சோறு?" "எங்கம்மாவுக்கு." "அம்மா எங்க?"

சுபிக்ஷா என்னைக் காட்டினாள்.

எழுந்து நின்றேன். வாசல் பக்கம் பார்த்தேன். கடைசி நேரத்திலாவது வந்து ஓரமாக நிற்பாள் என்று நினைத்திருந்தேன். வாசலில் செருப்புகள்தான் கிடந்தன.

"என் பிள்ளைதான்" என்றேன். "நான் பெத்த பிள்ளை. நான்தான் கூட்டிட்டு வந்தேன். வாளியும் நான் குடுத்ததுதான்."

நாடகம் அதோடு முடிய வேண்டும். ஆனால் நீதிபதிப் பிள்ளை தாளைப் பார்க்காமல் தானாக ஒன்று கேட்டது. "அன்னைக்கு ஏன் சொல்லல?"

நாற்பத்திரண்டு வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பது வருசமாகத் தயாராக இருந்த பதில். வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்தார்.

இத்தனை பேர் முன்னால் என்னைச் சொல்ல வைத்துவிட்டுக் கேட்க வேண்டியவள் வரவில்லை. சாயங்காலம் சுபிக்ஷா ஒரு எழுத்து விடாமல் அவளிடம் சொன்னாள். வெயிலா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ம்" என்றாள். பிறகு, "யூனிபார்ம்ல சாம்பார் கறை, பாரு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அன்றைக்குத் தெரியாது என்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. வேலை பார்க்கிற இடத்தின் வாசலில்.

செப்டம்பர் 2, சனி

சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். சின்ன வயதில் அவளுக்குப் பிடிக்கும். இப்போது பிடிக்குமா என்று தெரியாது. வாளியில் அடியில் சோறு, மேல்தட்டில் குழம்பு. பதினொரு மணி பஸ்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "யாருக்கும்மா?"

"வெயிலுகந்தாளுக்கு. பைண்டிங்."

"நீங்க யாரு?"

"அவளோட அம்மா."

"அம்மாவா? அந்தக்காவுக்கு அம்மா இருக்காகளா? பதினேழு வருசமா இங்கதான் இருக்கேன், சொன்னதே இல்லையே."

சாப்பாட்டு நேரம். பெண்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வெயிலா நின்றாள், விரலெல்லாம் பசை. வாட்ச்மேன் சத்தமாகக் கேட்டார். "அக்கா, இந்தம்மா யாரு? ஒங்க அம்மாங்குறாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். ஜீப்பிலிருந்து பார்த்த அதே பார்வை. தெரியாது என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. எந்தக் கோர்ட்டும் அவளைக் கேட்காது. அவள் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"என் பிள்ளைதான்யா" என்றேன் வாட்ச்மேனிடம். குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி. "என் பிள்ளைக்குச் சோறு கொண்டாந்தேன்."

வந்தாள். வாளியை வாங்கினாள். வாங்கியதும் அங்கேயே, வாசலிலேயே, மூடியைத் திறந்து பார்த்தாள். மேல்தட்டைத் தூக்கி அடியிலும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மூடினாள்.

"வெயிலு ஏறுது" என்றாள். என்னிடமா வாட்ச்மேனிடமா என்று தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வாளி வந்தது. சுபிக்ஷாவிடம் கொடுக்காமல் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வீட்டிலிருந்து வந்த ஏனத்தை வெறுமனே திருப்பக் கூடாது, சீனியாவது ஒரு கை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் அடுப்படிக்குப் போனபிறகு மூடியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. சோறும் இல்லை, குழம்பும் இல்லை. கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்திருந்தாள்.

ஆணியில் மாட்டவில்லை. அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நாளை ஞாயிறு, கம்பெனி லீவு. திங்கட்கிழமைக்கு வேண்டும்.